உங்கள் எழுத்து ஒட்டியிருந்த போத்தல்

அத்தானுக்கு,

மூன்றுதரம் சவர்க்காரம் போட்டுக் கழுவியும் என் கையிலிருந்து அந்த மணம் போகவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் காரின் பிரேக் சிலிண்டரைக் கழற்றினேன். உள்ளே இருந்த ரப்பர் வளையங்கள் ஊதிப் பெருத்து, நகம் பட்டால் பிய்ந்து வருகிற அளவுக்கு இளகிக் கிடந்தன. அவற்றோடு படகு ஒயிலின் மணமும் வந்தது. ஆறு வருடமாகியும் அது அங்கேயே இருந்திருக்கிறது. கையிலிருந்த நட்டுச் சாவியைப் போட்டுவிட்டு, கவிழ்த்து வைத்த வாளியில் உட்கார்ந்துவிட்டேன்.

குசினி யன்னலால் அக்கா எட்டிப் பார்த்தார்.

"என்ன தம்பி, கையைக் கிழிச்சுப்போட்டியோ?"

"இல்லை அக்கா."

உங்கள் வீட்டில் நான் ஆகக் கூடுதலாகச் சொன்ன சொல் அந்த 'இல்லை'யாகத்தான் இருக்கும்.

அந்தப் போத்தலுக்குள் படகு ஒயிலை ஊற்றியவன் நான். நீங்கள் உயிரோடிருக்கும்போது சொல்லியிருக்க வேண்டிய வரி இது. அதைச் சொல்ல எனக்கு ஐந்து வருடம் இருந்தது. ஞாயிறு தவறாமல் உங்கள் கதிரைக்கு முன்னால் வந்து உட்கார்ந்து, அக்கா தந்த தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, மழை, மீன், அரசியல் எல்லாம் கதைத்துவிட்டுப் போனேன். இதை மட்டும் கதைக்கவில்லை.

அந்தக் கார் உங்கள் உவர்மலை வீட்டுக்கு வந்த நாள் உங்களுக்கு நினைவிருக்கும். உங்களுக்கு நினைவிருக்கும் என்று எழுதும்போதே கை கூசுகிறது. காரணத்துக்குப் பிறகு வருகிறேன். துறைமுகத்தில் வேலை பார்த்த பழைய எஞ்சினியர் ஒருவர் பிள்ளைகளோடு வெளிநாடு போகும்போது, "நீங்கள்தான் இதை ஒவ்வொரு நாளும் பார்த்துக்கொண்டு போறனீங்கள்" என்று சொல்லி உங்களிடம் விட்டுப்போன கார். கூரையில்லாத, இரண்டு பேர் மட்டும் இருக்கக்கூடிய, என்னைவிட இரண்டு வயது மூத்த வெள்ளைக்காரன் நாட்டு ஸ்போர்ட்ஸ் கார். உப்புக்காற்று அடியைத் தின்றிருந்தது. இருக்கைக்குப் பின்னால் கோழியொன்று அடைகாத்துக்கொண்டிருந்தது. அக்கா அதைச் சுற்றிவந்து பார்த்துவிட்டு, "ரெண்டு பேர்தான் இருக்கலாமெண்டா மரக்கறிக் கூடையை எங்க வைக்கிறது?" என்று கேட்டார். நீங்கள் கோழியைக் காட்டி, "அது இருக்கிற இடத்தில" என்றீர்கள்.

நீங்கள் ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்து ஓய்வுபெற்றவர். சைக்கிளுக்குக் காற்றடிக்கவே கடைக்குப் போகிற ஆள். நானோ படகுத்துறையில் களஞ்சியப் பொறுப்பாளன். உதிரிப்பாகங்களின் பெயரும் இலக்கமும் தலைகீழாகத் தெரியும், ஒன்றையாவது பூட்டிப் பழக்கமில்லை. இப்படி இரண்டு பேர் சேர்ந்து, ஒரு பழைய ஆங்கிலப் புத்தகத்தை மாமரத்தடியில் விரித்து வைத்துக்கொண்டு, அந்தக் காரை உயிர்ப்பிக்கப் புறப்பட்டோம். நீங்கள் வாசிப்பீர்கள். நான் கழற்றுவேன். கழற்றியது திரும்பிப் பூட்ட வராதபோது மறுபடியும் வாசிப்பீர்கள், இம்முறை சத்தமாக.

கழற்றிய நட்டுகளை நீங்கள் மருந்து உறைகளில் போட்டு வைத்தீர்கள். ஆஸ்பத்திரியில் குளிசை போட்டுக் கொடுக்கிற அந்தச் சின்னக் கடதாசி உறைகள். மேலே உங்கள் அச்சுப்போன்ற எழுத்து: 'முன் இடது சில்லு, நாலு நட்டு. சாப்பாட்டுக்குப் பின்.' அந்த உறைகளைப் பார்த்துப் பார்த்துச் சிரித்திருக்கிறோம். முதல்தடவை எஞ்சின் பிடித்தபோது புகைக்குழாயிலிருந்து எலிக்கூடு ஒன்று பறந்துபோய் அக்காவின் கொடித்துணியில் விழுந்தது. அக்கா இரண்டு நாள் நம் இருவரோடும் கதைக்கவில்லை. அந்த இரண்டு வருடம் போல ஒரு காலம் எனக்கு முன்னும் இருந்ததில்லை, பின்னும் இல்லை.

போத்தல்களுக்கு வருகிறேன். எங்கள் பக்கத்து வீடுகளில் ஒரு போத்தலையும் எறிவதில்லை. சாராயப் போத்தலில் மண்ணெண்ணெய், சர்பத்துப் போத்தலில் நல்லெண்ணெய், வினாகிரிப் போத்தலில் தேன். எல்லாரும் மோந்து பார்த்துத்தான் எடுப்பார்கள். உங்களுக்கு அது சரிவராது. உங்கள் வீட்டில் எந்தப் போத்தலாக இருந்தாலும் காயத்துக்கு ஒட்டுகிற பிளாஸ்டரில் ஒரு துண்டு ஒட்டி, பெயர் எழுதியிருக்கும். "முப்பத்து மூண்டு வருசம், ஒரு ஆளுக்கும் போத்தல் மாறி நான் குடுத்ததில்லை" என்பீர்கள். பெருமையாக நீங்கள் சொல்கிற ஒரே கதை அதுதான்.

பிரேக் ஒயில் வந்த தகரம் கடற்காற்றுக்குத் துருப்பிடித்ததால், அதை மண்ணிறக் கண்ணாடி மருந்துப் போத்தல் ஒன்றுக்கு மாற்றியிருந்தீர்கள். பிளாஸ்டரில், 'பிரேக். வேறு எதுவும் கலக்கக் கூடாது' என்று எழுதிச் சிவப்பில் கோடும் இழுத்திருந்தீர்கள். கிண்ணியாவில் சுகமில்லாமலிருந்த சிநேகிதரைப் பார்க்கப் போன அந்த ஞாயிற்றுக்கிழமை, கேற்றடியில் நின்று திரும்பிச் சொன்னீர்கள். "தம்பி, பிரேக் வேலையை மட்டும் நான் வாற வரைக்கும் தொடாத. ரெண்டு பேருமாச் செய்வம்."

தொட்டேன். நீங்கள் வரும்போது பாதி வேலை முடிந்திருக்க வேண்டும், நீங்கள் ஆச்சரியப்பட வேண்டும் என்ற ஆசை. ஐம்பத்தாறு வயதில் எனக்கு அப்படியொரு புத்தி. முழங்கை பட்டுப் போத்தல் சரிந்தது. நான் தூக்கி நிமிர்த்தியபோது அடியில் ஒரு விரற்கடைதான் மிச்சம். மணலில் ஊறிய இடத்தில் இரண்டு வாளி தண்ணீர் ஊற்றி அடையாளத்தை அழித்தேன். ஞாயிறு, கடைகள் பூட்டு. என் காற்சட்டைப் பையில் களஞ்சியத்தின் திறப்பு இருந்தது.

படகுகளின் சுக்கானுக்கு விடுகிற மெல்லிய ஒயில் அங்கே பீப்பாவில் இருக்கிறது. எல்லாம் ஒயில்தானே என்று நினைத்தேன். பெயர் தெரிந்தவனுக்குக் குணமும் தெரியும் என்ற திமிர். போத்தலை நிரப்பி, துடைத்து, எழுத்து முன்பக்கம் தெரிகிற மாதிரி இருந்த இடத்திலேயே வைத்தேன். மண்ணிறக் கண்ணாடி, உள்ளே இருப்பதன் நிறம் தெரியாது. திங்கட்கிழமை நல்லதை வாங்கி மாற்றிவிடலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

நீங்கள் திங்கட்கிழமை வரை பொறுக்கவில்லை. பின்னேரம் நாலு மணிக்கு வந்து, போட்டிருந்த சேட்டையும் மாற்றாமல், "வா தம்பி, வெளிச்சம் இருக்கேக்க முடிப்பம்" என்றீர்கள். பிரேக் குழாய்களுக்குள் நிற்கிற காற்றை வெளியே எடுக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் உள்ளே இருந்து மிதிக்க, மற்றவர் சில்லடியில் படுத்து, காற்றுப் போகிற நிப்பிளைத் திறந்து மூட வேண்டும். நீங்கள் கீழே படுத்தீர்கள். "மிதி. பிடி. விடு." நான் மிதித்தேன், பிடித்தேன், விட்டேன். ஒவ்வொரு மிதிக்கும் அந்த ஒயில் குழாய்களில் உள்ளே உள்ளே போனது. சொல்ல வேண்டும் என்று நாலு சில்லுக்கும் நாலுதரம் வாயைத் திறந்தேன். பெரிய காரியம் ஒன்றுமில்லை. "அத்தான், போத்தலைத் தட்டிப்போட்டன்" என்றிருந்தால் நீங்கள் தலையில் ஒரு குட்டு வைத்திருப்பீர்கள், அவ்வளவுதான். அந்தக் குட்டுக்குப் பயந்தேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை உங்கள் கலியாண நாள். முப்பது வருடத்துக்கு ஒரு சவாரி என்று அக்காவைச் சேலையோடு முன்னால் இருத்தி, கோணேசர் கோயிலுக்குப் புறப்பட்டீர்கள். நான் பின்னால் மோட்டார் சைக்கிளில் வந்தேன். உவர்மலை இறக்கத்தில் முன் சில்லிலிருந்து புகை வருவதைக் கண்டேன். ஹோர்ன் அடித்தேன். சந்தோசத்தில் அடிக்கிறேன் என்று நினைத்து நீங்கள் கையைத் தூக்கிக் காட்டினீர்கள். வளைவில் மெதுவாகத்தான் மிதித்தீர்கள் போல. பிடித்த பிரேக் விடவில்லை. கார் நட்டுவைத்த கட்டை மாதிரி நின்றது. அக்காவின் நெற்றி முன் கண்ணாடிச் சட்டத்தில் மோதியது.

நீங்கள் வேலை செய்த அதே ஆஸ்பத்திரியில், உங்களைத் தெரிந்தவர்கள் எல்லாரும் சுற்றி நிற்க, அக்காவுக்கு ஐந்து தையல் போட்டார்கள். நீங்கள் அவரின் சேலைத் தலைப்பைக் கையில் பிடித்தபடி நின்றீர்கள். இரத்தம் பட்ட தலைப்பு.

அடுத்த நாள் காரைப் பார்க்கக் கிண்ணியாவிலிருந்து ரபீக் நானா வந்தார். ஊரில் பழைய கார்களுக்குக் கை வைக்கிற மெக்கானிக் அவர்தான். ஒயில் தொட்டியைத் திறந்து விரலை விட்டு, தேய்த்து, மோந்து பார்த்தார்.

"சேர், இது பிரேக் ஒயில் இல்ல. ரப்பரெல்லாம் ஊதிப் பெய்த்து. ஆரு ஊத்தின?"

நீங்கள் போத்தலை எடுத்துவந்து அவரிடம் காட்டினீர்கள். அவர் அதையும் மோந்தார். தலையை ஆட்டினார். நீங்கள் பிளாஸ்டரிலிருந்த உங்கள் எழுத்தையே பார்த்துக்கொண்டு நின்றீர்கள். உங்கள் முகத்தில் அப்போது வந்த பயத்தை நான் அதற்கு முன் ஒருநாளும் கண்டதில்லை.

"நான்தான் மாத்தி ஊத்தியிருக்கிறன்," என்றீர்கள். "தகரத்திலயிருந்து போத்தலுக்கு மாத்தினது நான்தான். ஆனா எனக்கு ஞாபகமில்லை. தம்பி, எனக்கு ஒண்டுமே ஞாபகமில்லை."

என்னைப் பார்த்துத்தான் சொன்னீர்கள். அந்த இடத்தில் நான் பேசாமல் நின்றிருந்தால்கூட இவ்வளவு கேவலமில்லை. நான் உங்கள் தோளில் கையைப் போட்டேன். "வயசு போனா எல்லாருக்கும் வாறதுதான் அத்தான், விடுங்கோ" என்றேன்.

அந்த ஒரு வாக்கியத்தோடு நீங்கள் கிழவனானீர்கள். காருக்குப் படங்கு போட்டு மூடினீர்கள். வாசிகசாலையில் சனிக்கிழமைகளில் நடக்கும் இலவச மருத்துவத்தில் மருந்து எடுத்துக் கொடுத்து வந்தவர், மூன்றாம் கிழமையே போவதை நிறுத்தினீர்கள். கிண்ணியாவுக்குத் தனியே போவதில்லை. உங்கள் குளிசையை அக்காதான் கையில் எடுத்துத் தர வேண்டும். அக்கா நெருப்புப் பெட்டியை ஒளித்து வைத்தார், கேற் திறப்பைத் தன் இடுப்பில் செருகிக்கொண்டார். ஒருதரம் உங்களைக் கொழும்புக்குக் கூட்டிப்போய் டொக்டரிடம் காட்டினார். ஞாபகத்தில் ஒரு குறையும் இல்லை என்று அவர் சொல்லியனுப்பினார். நீங்கள் நம்பவில்லை. "அவர் நல்ல டொக்டர்தான். ஆனா அவர் அந்தப் போத்தலைக் காணேல்லையே" என்றீர்கள்.

ஒருநாள் உட்துறைமுக வீதிப் பக்கம் கடலைப் பார்த்துக்கொண்டு இருந்தோம். மான் ஒன்று குப்பைத் தொட்டிக்குள் தலையை விட்டுக்கொண்டு நின்றது. நீங்கள் திடீரென்று கேட்டீர்கள்.

"தம்பி, உனக்கு ஏதும் தெரியுமோ? நான் அந்த ஒயிலை எங்கயிருந்து எடுத்தனான் எண்டு? எங்கட வீட்டில அப்பிடியொரு ஒயில் இருக்கேல்லையே."

இதைவிட நேராக ஒருவர் கேட்க ஏலாது. கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றீர்கள். நான் மானைப் பார்த்துக்கொண்டு, "இல்லை அத்தான்" என்றேன்.

முதலில் குட்டுக்குப் பயந்தேன். பிறகு அக்காவின் ஐந்து தையலுக்குப் பயந்தேன். அதற்குப் பிறகு, இவ்வளவு காலம் ஏன் சொல்லவில்லை என்ற கேள்விக்குப் பயந்தேன். பயத்துக்குக் காரணம் மாறிக்கொண்டே வந்தது, வாய் மட்டும் திறக்கவில்லை. போன வருடம் ஒரு காலை தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு நீங்கள் போய்விட்டீர்கள். இதயம் என்றார்கள். சவத்துக்குப் பக்கத்தில் நான் அழுத அழுகையைப் பார்த்து, "தம்பிக்காரனைப் பாருங்கோ, சொந்தப் பிள்ளை மாதிரி" என்று சனம் சொன்னது. அதையும் கேட்டுக்கொண்டுதான் நின்றேன்.

ஆட்டைத் திவசம் முடிந்தபிறகு அக்கா படங்கை விலக்கச் சொன்னார். "அவருக்குத்தான் குடுத்துவைக்கேல்லை. நீயாவது ஓடுற மாதிரித் திருத்து." புது ரப்பர்கள் எடுப்பித்தேன். குழாய்களைக் கழுவி, நாலு சில்லிலும் பூட்டினேன். உங்கள் உறைகளில் எழுதியிருந்தபடியே நட்டுகள் ஒன்றும் குறையாமல் இருந்தன. ஞாபகம் கெட்ட மனிதரின் உறைகள்.

இன்று காலை பிரேக்கில் காற்று எடுக்க வேண்டியிருந்தது. இரண்டு பேர் வேண்டுமே. அக்கா செருப்பைக் கழற்றிவிட்டு உங்கள் இருக்கையில் ஏறி உட்கார்ந்தார்.

"மிதியுங்கோ. பிடியுங்கோ. விடுங்கோ."

மூன்று சில்லு முடிந்தது. நாலாவது, சாரதிப் பக்கத்து முன் சில்லு. நான் கீழே படுத்திருந்தேன். திறந்திருந்த கதவால் அக்காவின் கால் மட்டும் தெரிந்தது, மெட்டி கழற்றிய விரலில் வெள்ளைத் தடத்தோடு. முகம் தெரியாதது எனக்கு வசதியாக இருந்தது. அந்த வசதியில்தான் சொன்னேன் என்பதையும் ஒத்துக்கொள்கிறேன்.

"அக்கா, அந்தப் போத்தலுக்க படகு ஒயில் விட்டது நான். அத்தான் இல்லை. கிண்ணியாவுக்கு அவர் போன அண்டைக்கு நான் தட்டி ஊத்திப்போட்டு, மறைக்கிறதுக்கு விட்டனான்."

கால் அசையவில்லை. மிதித்தது மிதித்தபடி இருந்தது.

"அவர் உன்னட்டக் கேட்டவரோ?"

"ஒருக்காக் கேட்டவர்."

"நீ?"

"இல்லையெண்டு சொன்னனான்."

வீதியில் மீன்காரன் சத்தம் போட்டுக்கொண்டு போய், திரும்பி வந்தான். கடைசியில் அக்கா கேட்டார். "விடட்டோ?"

"என்ன அக்கா?"

"காலை. இன்னும் பிடிச்சுக்கொண்டிருக்கிறன். விடட்டோ எண்டு கேக்கிறன்."

"விடுங்கோ."

அக்கா இறங்கி வீட்டுக்குள் போனார். இனி வெளியே வரமாட்டார் என்று நினைத்தேன். வந்தார். கையில் தடித்த ஐந்து கொப்பிகள். காரின் எஞ்சின் மூடியில் அவற்றைப் போட்டார்.

"அலுமாரிக்குள்ள அடியில வச்சிருந்தவர். ஒருத்தர் கண்ணிலயும் படக்கூடாதெண்டு எரிக்க இருந்தனான். வாசி. சத்தமா வாசி."

முதல் கொப்பி, ரபீக் நானா வந்துபோன அடுத்த நாளில் தொடங்குகிறது. அச்சுப்போன்ற அதே எழுத்து. 'காலை ஆறு: எழும்பினேன். கேற் பூட்டியிருந்தது, இரண்டுதரம் பார்த்தேன். குளிசை ஒன்று, இவ தந்தவ. இன்று போத்தல் எதையும் தொடவில்லை.' பக்கம் பக்கமாக அதுதான். தன்னை நம்பாத மனிதர் தனக்கே எழுதிய சாட்சி. ஐந்து வருடம், ஒருநாளும் விடாமல். நடுவில் அடிக்கடி, 'இன்றும் அவவின் காயத்துக்கு எண்ணெய் தடவினேன். நோகேல்லை என்கிறா. நோகும்.'

பிறகு ஒரு ஞாயிறு வந்தது.

'தம்பி வந்தவன். கார் விசயத்தை இன்றும் எடுக்கவில்லை. என்ரை மனம் நோகக்கூடாதெண்டு பார்க்கிறான். நல்ல பிள்ளை.'

என்னால் வாசிக்க ஏலாமல் போனது. அக்கா பக்கத்தைப் புரட்டி விரலை வைத்தார். அடுத்த ஞாயிறு. 'தம்பி வந்தவன். நல்ல பிள்ளை.' அதற்கடுத்த ஞாயிறு. அக்கா விரல் வைக்க வைக்க நான் வாசித்தேன், அத்தான். ஐந்து கொப்பியிலும் இருக்கிற அத்தனை ஞாயிறையும் வாசிக்க வைத்தார். வெயில் உச்சிக்கு வந்துவிட்டது.

முடிந்ததும் அக்கா சொன்னார். "அந்த மனிசனைப் பைத்தியக்காரனைப் பாக்கிற மாதிரிப் பாத்து நெருப்புப் பெட்டியை ஒளிச்சு வச்சனான். என்னையும் நீ அப்பிடிச் செய்ய வச்சிட்டாய்." அழவில்லை. நெற்றித் தழும்பை ஒருதரம் தொட்டுக்கொண்டார். "என்னட்டச் சொன்னது காணாது. நானாவிட்டப் போய்ச் சொல்லு. வாசிகசாலையில சொல்லு. ஆஸ்பத்திரியில அவரோட வேலை செய்த ஆக்களிட்டச் சொல்லு. அவர் போத்தல் மாத்தேல்லையெண்டு சொல்லு."

"ஓம் அக்கா."

"இப்ப வா. மற்றச் சில்லையும் முடி."

மறுபடியும் ஏறி உட்கார்ந்து மிதித்தார். பிடித்தார். விட்டார். மத்தியானச் சாப்பாட்டுக்கு என்னைக் கூப்பிடவில்லை.

நாளைக் காலை கிண்ணியாப் பாலத்தால் ரபீக் நானாவிடம் போகிறேன். போத்தலைக் கழுவிப் பைக்குள் வைத்திருக்கிறேன். பிளாஸ்டர் மஞ்சளாகிவிட்டது, எழுத்து அப்படியே இருக்கிறது. அங்கிருந்து வந்து மற்ற இடங்களுக்கும் அதையே கொண்டுபோவேன். எத்தனை பேரிடம் சொன்னாலும், சொல்ல வேண்டிய ஆளிடம் சொல்லவில்லை என்பது மாறாது. அதை நான் எங்கும் இறக்கி வைக்க முடியாது.

கடைசிக் கொப்பியில் பாதிக்கு மேல் வெறும் தாள். இந்த மடலை அதில், நீங்கள் நிறுத்திய வரிக்குக் கீழேதான் எழுதிக்கொண்டிருக்கிறேன். உங்கள் முறைப்படியே இன்றைய நாளை எழுதி முடிக்கிறேன்.

ஞாயிறு. நாலு சில்லும் பிடிக்கிறது, நாலும் விடுகிறது. போத்தலில் இருந்தது உங்கள் பிழையில்லை. தம்பி வந்தவன். இன்றைக்குத்தான் சொன்னவன்.